தவசிக்கனி வேனின் புகை

ஆத்தியடிப்பட்டிக்காரர்களான நாங்கள் கடைசியாக எந்த வீட்டில் கை நனைத்தோம் என்பதைத் தவசிக்கனியின் வேன் புகை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் ஊர்க் கடைகளில் கிராம்பும் சோம்பும் விற்ற மாதிரி அதற்கு முன்னும் விற்றதில்லை, அதற்குப் பின்னும் விற்கவில்லை. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். நாங்களும் ஒருவர் சொல்வதை ஒருவர் லேசில் நம்புகிற ஆட்கள் இல்லை. பால்காரர் எதிரில் நின்று கறந்து கொடுத்தாலும் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொம்பை உள்ளே எடுப்போம். ஆனால் அந்தப் புகையை நம்பினோம், ஏனென்றால் புகைக்கு எங்கள் ஊரில் சொந்தக்காரர்கள் யாரும் கிடையாது.

வேன் ரொம்பப் பழசு. தவசிக்கனி கைக்கு வரும்போதே பெயின்ட் உரிந்து, கதவு ஒரு பக்கம் தொங்கி, யார் யாரோ ஓட்டித் தேய்த்த வண்டியாகத்தான் வந்தது. அதை அவன் சங்கரன்கோவிலுக்கும் ஊருக்கும் ஷேர் வண்டியாக ஓட்டினான். ஆள் நிறையாமல் எடுக்க மாட்டான். பிள்ளைத்தாய்ச்சி வலியோடு உட்கார்ந்திருந்தாலும் கடைசி சீட்டுக்கு ஒரு ஆள் வரட்டும் என்று பஸ் ஸ்டாப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பான். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுக்க வேண்டிய சமயத்தில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்து, பெட்ரோல் தண்ணீராகச் செலவாகி, பின்னால் வந்தவர்கள் எல்லாம் கண்ணைக் கசக்குகிற அளவுக்குக் கரும்புகை வந்ததால், வேறு வழியில்லாமல் மெக்கானிக் இன்னாசியிடம் கொண்டுபோய் நிறுத்தினான்.

இன்னாசி வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தான். “சைலன்சர் கொழாயில மூக்கு மாதிரி ஒரு சாமான் இருக்கு அண்ணாச்சி, ஆக்ஸிஜன் சென்சார்னு பேரு. போற பொகைய மோந்து பாத்து, பெட்ரோல் கூடுதலா கொறச்சலான்னு உள்ள இருக்க கம்ப்யூட்டருக்குச் சொல்லும். ஒங்க வண்டியில மூக்கு அடைச்சுப்போச்சு. அதுலருந்து போற ஒயரும் சூட்டுக் கொழாயில பட்டு உருகிட்டு. இனி மோந்தாலும் சொல்ல வழியில்ல.”

“அது இல்லாமத்தான இவ்வளவு நாளும் ஓடிச்சு?”

“ஓடிச்சு. ஊருக்கெல்லாம் கண்ணு எரிஞ்சுது.”

தவசிக்கனி வீட்டுக்குப் போகாமல் பட்டறையிலேயே உட்கார்ந்துகொண்டான். கண்ணை எடுத்தால் நல்ல சாமானைக் கழற்றிவிட்டுச் சொத்தையை மாட்டிவிடுவார்கள் என்பது அவன் எண்ணம். இன்னாசி துருப்பிடித்த மரையில் எண்ணெய் விட்டு, இன்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றி, பக்கவாட்டில் வாய் பிளந்த ஸ்பேனரை மாட்டி, முழு உடம்பையும் அதில் தொங்கவிட்டுப் பழைய சென்சாரைக் கழற்றினான். புதுசு மதுரையிலிருந்து வர நாளாகும் என்றார்கள். எஃப்.சி. வரைக்கும் தாங்கட்டும் என்று காயலான் கடையில் கிடந்த ஏதோ ஒரு காரிலிருந்து ஒரு சென்சாரை எடுத்து வந்தான். அதன் நாலு ஒயரின் நிறமும் வேனில் இருந்த நிறமும் ஒத்துப்போகவில்லை. மீட்டரை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து, ஈயம் வைத்துப் பற்றி, மேலே டேப் சுற்றினான்.

ஒயரை எந்த வழியாகக் கொண்டுபோவது என்பதில்தான் பிசகு நடந்தது. பழையபடி வண்டிக்கு அடியில், சூட்டிலிருந்து தள்ளிக் கட்டிவிடலாம் என்றான் இன்னாசி. தவசிக்கனி ஒப்புக்கொள்ளவில்லை. அடியில் கிடந்தால் யாராவது அறுத்துவிடுவார்கள் என்றான். யாராவது என்று அவன் சொன்னால் அது அவன் அண்ணன் பால்துரைதான். அப்பாவின் கருமாதிச் சாப்பாட்டில் தனக்கு இரண்டாம் பந்தியில் இலை போட்டதற்காகக் கை நனைக்காமல் எழுந்து வந்தவன் தவசிக்கனி. அன்றிலிருந்து அடுத்தடுத்த வீட்டில் இருந்துகொண்டே அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சில்லை, ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அதனால் தவசிக்கனி சொன்னபடியே ஒயர் தரையைத் துளைத்து மேலே வந்தது, ஆட்கள் உட்காரும் சீட்டுகளுக்கு அடியில் இரும்புச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டு, டிரைவர் சீட்டுக்கும் அடியில் நுழைந்து கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்தது. எல்லாம் தன் கண் பார்வையில் இருந்ததில் அவனுக்குத் திருப்தி.

எஃப்.சி.யில் வண்டி பாஸாகிவிட்டது. புகை பார்த்த அலுவலர் மட்டும், இட்லிப்பொடி வாசம் வருகிறதே என்றார். அவருக்குப் பசி போல என்று நினைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு வண்டிக்குள் உட்கார்ந்திருந்த இன்னாசி காலையில் சாப்பிட்டது இட்லியும் பொடியும்தான்.

அதற்குப் பிறகு ஊர் கண்டுபிடித்ததை அதன் வரிசையிலேயே சொல்கிறேன். இன்ஜின் சூடான பிறகுதான் புகை மணக்கும். ஆறிப்போன வண்டியில் வெறும் புகைதான். வண்டியில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேர் சாப்பிட்டதும் ஒன்றாகக் கலந்து, கல்யாண வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி ஒரு வாசம் வரும். ஒருவர் இறங்கினால் அவருடைய வாசம் அவரோடு போய்விடும், அடுத்தவர் இறங்கினால் அடுத்த வாசம், இப்படி ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் இறங்குகிறவர் தன் வயிற்றில் இருப்பதை ஊர் முன்னால் வைத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். சும்மா சாம்பார், ரசம் என்று மணந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு யார் கைப்பக்குவம் எது என்று தெரியும், பெருங்காயம் போடுகிறவள் யார், தேங்காயை வறுத்து அரைக்கிறவள் யார் என்று தெரியும். புகையை ஒரு தடவை மோந்து வீட்டு நம்பரே சொல்லிவிடுவார்கள்.

யாரும் ஆச்சரியப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அதற்கு நேரமும் இல்லை. கோயில் கொடைக்குக் காப்புக் கட்டி விரதம் இருந்த சாமியாடி கொம்பையா இறங்கிய நிமிஷத்தில் புகையிலிருந்து சால்னா வாசம் போய்விட்டது என்று ஒருவர் சத்தியம் செய்தார். அது தனக்கு முன்னால் இறங்கியவனுடையது என்று கொம்பையா சத்தியம் செய்தார். முன்னால் இறங்கியவன் அன்றைக்கு வயிற்றுப்போக்கில் மோர் மட்டும் குடித்ததாகச் சத்தியம் செய்தான். கோயில் கமிட்டி கூடிக் கூடிப் பேசி, கொடை முடியும்வரை கொம்பையா நடந்துதான் போகவேண்டும் என்று முடிவு சொன்னது. தாய் வீட்டில் போய்த் தின்றுவிட்டு வருகிறாளா என்று பார்ப்பதற்காகவே ஒரு மாமியார் மருமகளை வேனில் ஏற்றி அனுப்பினாள். மருமகள் போகும் வழியில் ஹோட்டலில் இறங்கி ஒரு வடையைத் தின்று அந்தத் தடத்தை அழித்தாள். கடைசி ஆளாக இறங்க யாருக்கும் தைரியம் இல்லாததால் கடைசி ஸ்டாப்புக்குப் போக வேண்டியவர்கள்கூட முந்தின ஸ்டாப்பிலேயே கும்பலாக இறங்கி வெயிலில் நடந்தார்கள். ஏறுவதற்கு முன் கிராம்பு மென்றார்கள், சோம்பு மென்றார்கள், ஒருவர் பல்பொடியையே கொஞ்சம் விழுங்கிப் பார்த்தார். புகையில் கிராம்பு மணந்தது, கிராம்புக்குப் பின்னால் சால்னாவும் மணந்தது.

ஒரு நாள் மட்டும் வேறு மாதிரி நடந்தது. டெய்லர் முத்துவீரன் கடைசி ஆளாக இருந்தபோது அவனிடமிருந்து புகைக்கு எந்த வாசமும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவன் வெள்ளையும் சொள்ளையுமாகத்தான் போய் வந்துகொண்டிருந்தான், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. அவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று புகை சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு மனசு தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி முந்திக்கொண்டு நல்ல பெயர் வாங்கிவிடுவாளோ என்ற சந்தேகத்தில் தெருவில் இருந்த அத்தனை பேரும் அவன் வீட்டுக்குச் சோறு கொடுத்து அனுப்பினார்கள், அதில் எங்கள் வீட்டுத் தூக்குச்சட்டியும் ஒன்று.

இதற்கெல்லாம் அடியில் இன்னொரு வாசம் இருந்துகொண்டே இருந்தது. எந்த நடைக்குப் போனாலும், யார் ஏறினாலும், யார் இறங்கினாலும், புகைக்கு அடியில் வெந்தயம் கருகிய ஒரு வாசம். எங்கள் ஊரில் வெந்தயம் கருகும்வரை விட்டுவிட்டுப் பிறகு புளியை ஊற்றுகிறவள் ஒருத்திதான், பால்துரையின் மனைவி அன்னபாக்கியம். மற்றவர்கள் சிவந்ததும் எடுத்துவிடுவார்கள். அவள் கருவாட்டுக் குழம்பானாலும் கத்திரிக்காய்க் குழம்பானாலும் அந்தக் கருக்கல் இருக்கும், சாப்பிட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

இதைத் தவசிக்கனிக்கு முதலில் சொன்னது டீக்கடைக்காரர்தான். “ஏ தவசி, ஒன் வண்டியில தெனமும் ஒங்க அண்ணன் வீட்டுச் சாப்பாடு ஊர்வலம் போவுதேடே.”

தவசிக்கனி இன்ஜினை ஓடவிட்டு இறங்கிப் பின்னால் போய் மோந்து பார்த்தான். அந்த வாசம் இல்லை. ஏறி உட்கார்ந்தான், இருக்கிறது என்றார்கள். மறுபடி இறங்கி ஓடினான், இல்லை. தன்னைக் கண்டதும் எவனோ வாசத்தை ஒளித்துக்கொள்கிறான் என்று அவனுக்குத் தோன்றியது. அண்ணன் ஒரு ஆளைத் தினமும் வீட்டில் உட்கார வைத்துச் சோறு போட்டு, தன் வண்டியில் ஏற்றி அனுப்பி, தான் என்ன பேசுகிறேன், எங்கே போகிறேன் என்று வேவு பார்க்கிறான் என்று நினைத்தான். அதற்குப் பிறகு அவன் ஆட்களை ஏற்றுகிற விதமே மாறிப்போனது. ஏறுகிறவர்களின் கையை வாங்கி மோந்து பார்த்தான். கண்ணாடியில் ரோட்டைப் பார்க்காமல் முகங்களைப் பார்த்தபடி ஓட்டினான். பால்துரை வீட்டுப் பக்கம் குடியிருந்தவர்களை ஏற்றவே இல்லை, ஏற்றியவர்களைப் பாதியில் இறக்கிவிட்டான், ஒரு காலத்தில் ஆள் நிறையாமல் எடுக்காதவன் பாதி வண்டி காலியாகப் போகப் பழகினான். வாசம் மட்டும் குறையவில்லை.

மதுரையிலிருந்து புது சென்சார் வந்துவிட்டது, ஒட்டுப்போடாத ஒரே ஒயரும் பிளக்குமாக. இன்னாசி டப்பாவைக் கொண்டுவந்து காட்டினான். ஊரில் பாதிப்பேருக்குப் போன உயிர் வந்த மாதிரி இருந்தது.

“ஆள் சிக்காம இதக் கழட்டக் கூடாது” என்றான் தவசிக்கனி.

“அண்ணாச்சி, இது வண்டிக்கு மூக்கு. போலீஸு நாய் இல்ல.”

“எனக்குத் தெரியும். டப்பாவ உள்ள வை.”

அந்த வாரத்தில்தான் அவன் மனைவி ராஜகிளி மூட்டுவலிக்கு ஊசி போட்டுக்கொள்ள வேனில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். அவள் பீடி சுற்றுகிறவள், வீட்டை விட்டு அதிகம் வெளியே வராதவள், வேனில் ஏறியதே அபூர்வம். அவள் உட்கார்ந்திருந்தபோது வெந்தய வாசம் இரட்டிப்பாக வந்தது என்று சலூன் கடையில் ஒரு பேச்சு கிளம்பி, டீக்கடையில் வளர்ந்து, தவசிக்கனி காதுக்குப் போனபோது அவள் அன்னபாக்கியத்தோடு ஒரே தட்டில் சாப்பிட்டதாக ஆகியிருந்தது. தவசிக்கனி டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தான்.

“ஞாயித்துக்கெழம எல்லாரும் ஸ்டாண்டுக்கு வாங்க. பரிச்ச வச்சுப் பாத்துருவோம். என் வீட்டு ஆளு அந்த வீட்டுல கை நனைச்சதுன்னு தெரிஞ்சா, அதோட அந்த ஆளு என் படி ஏறக் கூடாது. இது அப்பா மேல ஆணை.”

ராஜகிளிக்குத் தாய் தகப்பன் இல்லை, போக ஒரு இடமும் இல்லை, அந்தப் படி ஒன்றுதான் அவளுக்கு இருந்தது. இருந்தாலும் பரீட்சைக்கு ஒருவரும் பாக்கியில்லாமல் வந்தோம். பால்துரையும் வந்து தள்ளி வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

ராஜகிளி முந்தானையில் ஒட்டியிருந்த பீடித்தூளைத் தட்டிவிட்டு வந்தாள். அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஏறி நடு சீட்டில் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னாசி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இன்ஜினைச் சூடேற்றினான். தவசிக்கனி சைலன்சருக்குப் பின்னால் குந்தினான். காலையில் இன்னாசி சாப்பிட்ட பணியாரம் மணந்தது, அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு கருகிய வெந்தயம் வந்தது. தவசிக்கனி அதை மோந்தது அப்போதுதான் முதல் தடவை. சந்தேகத்துக்கு இடமே இல்லை, அன்னபாக்கியத்தின் குழம்புதான், முந்தின ராத்திரி வைத்துக் காலையில் சூடு பண்ணிய குழம்பு. அவன் எழுந்து நின்றபோது முகம் செத்துப்போயிருந்தது.

“எறங்கு” என்றான்.

ராஜகிளி இறங்கினாள். “எறங்கிட்டேன். இப்ப நீங்க ஒத்தையா ஏறி உக்காருங்க.”

“நான் எதுக்கு?”

“ஏறுங்க. இத்தன பேர உக்கார வச்சுப் பாத்தீயள்லா. ஒங்கள யாரும் பாக்கலியே.”

கூட்டத்தில் இருந்த நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஊரில் அத்தனை பேரையும் சந்தேகப்பட்டிருந்தோம், வண்டி ஓட்டுகிறவன் ஒருவன் அதில் உட்கார்ந்திருக்கிறான் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. இன்னாசி இறங்கிக்கொள்ள, தவசிக்கனி ஏறி உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தான். காலி வண்டி. புகை வந்தது. டீக்கடைக்காரர் குனிந்து மோந்தார், கொம்பையா மோந்தார், டெய்லர் முத்துவீரன் மோந்தான்.

“அதேதான்” என்றார் டீக்கடைக்காரர்.

“எல்லாவனும் சேந்து சொல்லுதீய” என்றான் தவசிக்கனி. அவன் இறங்கி ஓடி வந்தான், வாசம் போய்விட்டது. ஏறி உட்கார்ந்தான், வந்துவிட்டது என்றார்கள். மறுபடி இறங்கினான். தன் புகையைத் தானே மோந்து பார்க்க அவனுக்கு வழி இல்லை, அடுத்தவன் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை, அதுவோ பிறந்ததிலிருந்து அவனுக்கு வராத காரியம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தான். எங்கள் யார் வாய்ச்சொல்லையும் அவன் எடுத்துக்கொள்ளப் போவதில்லை என்று தெரிந்தது.

பால்துரை மரத்தடியிலிருந்து வந்தான். வேட்டியை மடித்துக் கட்டி, கையை முழங்காலில் ஊன்றி, சைலன்சர் பக்கம் குனிந்து, ரொம்ப நேரம் மோந்தான். நிமிர்ந்து தம்பியிடம் பேசினான். அப்பா கருமாதிக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் பேச்சு அது.

“எங்க வீட்டுக் கொழம்புதான்.”

தவசிக்கனி இன்ஜினை அணைத்தான். அண்ணன் தன் எதிரிதான், ஆனால் அன்னபாக்கியத்தின் குழம்பு விஷயத்தில் அவனுக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் கிடையாது.

“நான் பீடி சுத்துதேன், அன்னபாக்கியம் மைனி சோறு பொங்குதா” என்றாள் ராஜகிளி. குரல் உயரவில்லை. “ரெண்டு வீட்டுக்கும். மாமா செத்ததுல இருந்தே இப்படித்தான். ரெண்டு அடுப்பு எரிச்சு, ரெண்டு பேரும் சுத்தி, ரெண்டு பேரும் பொங்க முடியல. பின்னாடிச் சுவத்துல ஒரு கல்லு பேந்து கெடக்கு, அது வழியா கொழம்புச் சட்டி வரும், பீடிக் கட்டு போவும்.” பால்துரை பக்கம் திரும்பினாள். “அத்தான், ஒங்க வீட்டுக் கணக்குல போற பீடி பூரா நான் சுத்துனது.”

இத்தனை வருஷமும் அண்ணனும் தம்பியும் விரோதம் காத்தார்கள், பெண்கள் இரண்டு பேரும் அதற்குச் சோறு போட்டு வந்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சலூன்காரன் மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

“அப்ப ஆணப்படி படி ஏறக் கூடாத ஆளு யாரு அண்ணாச்சி?”

தவசிக்கனி வண்டியைக் கிளப்பி இன்னாசியின் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனான். இந்த முறை பக்கத்தில் உட்கார்ந்து காவல் காக்கவில்லை, ரோட்டைப் பார்த்து நின்றான். இன்னாசி காயலான் கடை சென்சாரைக் கழற்றி, சீட்டுக்கு அடியில் ஓடிய ஒயரைச் சட்டத்திலிருந்து அறுத்து உருவி, தரையில் இருந்த துளையை அடைத்தான். புது சென்சாரின் மரையில் பசை தடவி முறுக்கி, அதனுடைய ஒயரை வண்டிக்கு அடியிலேயே குழாய்க்குத் தள்ளி கிளிப் போட்டுக் கட்டி, பிளக்கைச் சொருகினான். மஞ்சள் விளக்கு எரியவில்லை. புகை புகையாக மட்டும் வந்தது. கழற்றியதைத் தவசிக்கனி திரும்பக் கேட்கவில்லை. இன்னாசி அதை எங்கே போட்டான் என்று ஊரில் இன்றைக்கும் ஆளுக்கொரு சந்தேகம் உண்டு.

விளக்கு வைக்கிற நேரத்தில் வேன் தெருவுக்குள் வந்தது. நாங்கள் எல்லோரும் அவரவர் வாசலில் ஏதோ வேலை இருப்பது போல நின்றோம். தவசிக்கனி தன் வீட்டு முன்னால் நிறுத்தினான், இன்ஜினை அணைத்தான், இறங்கவில்லை. படியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்பா மேல் இட்ட ஆணையை மீறுகிற தைரியம் அவனுக்கு இல்லை, எங்கே போவது என்றும் தெரியவில்லை. ராஜகிளிக்கு என்று அவன் வெட்டிய குழியில் அவனே உட்கார்ந்திருந்தான்.

ஆணையை ஒரு பொருட்டாக எடுக்காமல் எப்போதோ வீட்டுக்குள் போயிருந்த ராஜகிளி தட்டோடு வெளியே வந்தாள். சோறு, அதன் மேல் குழம்பு, ஓரத்தில் ஒரு துண்டுக் கருவாடு. வண்டி ஜன்னல் வழியாகக் கொடுத்தாள், தண்ணீர்ச் சொம்பை டேஷ்போர்டில் வைத்தாள். அவன் கையைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான்.

“யாரு வச்சது?”

இத்தனை வருஷமும் அதே கருக்கலைச் சாப்பிட்டிருந்தும் அவன் அதைக் கேட்டதில்லை.

“மைனி.”

தவசிக்கனி சொம்புத் தண்ணீரைச் சரித்துக் கை நனைத்தான். முதல் கவளத்தை மெதுவாக, சோதித்துப் பார்க்கிறவன் மாதிரி சாப்பிட்டான். பிறகு வேகமாகச் சாப்பிட்டான். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியும், தலையை நிமிர்த்தவில்லை. குழம்பு தீர்ந்து சோறு மிச்சம் இருந்தது. தட்டை ஜன்னல் பக்கம் நீட்டினான்.

“இன்னுங் கொஞ்சம் ஊத்து.”

“இங்க இல்ல” என்றாள் ராஜகிளி. “சட்டி அங்கன இருக்கு.”

அவன் பக்கத்து வீட்டைப் பார்த்தான். பால்துரை வாசலை அடைத்துக்கொண்டு நின்று, இவன் என்ன செய்யப் போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தான். தவசிக்கனி எச்சில் கையோடு கதவைத் தள்ளி, தட்டைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு இறங்கி, அண்ணன் வீட்டைப் பார்த்து நடந்தான். பால்துரை அவன் கையில் இருந்த தட்டைப் பார்த்தான், அவன் முகத்தைப் பார்த்தான், மறுபடியும் தட்டைப் பார்த்தான். வாசலை விட்டு ஒரு பக்கமாக ஒதுங்கி, உள்ளே திரும்பிச் சொன்னான்.

“ஏளா, தம்பி வாரான். சட்டிய எடு.”